கழுத்து திருகிய கோழி பிழைக்குமா?

கேள்வி:

''ஐயா, வணக்கம். எங்களுக்கு நிலம் அரை ஏக்கர்தான், அதுவும் மானாவாரி. 14 நாட்டுக்கோழிகள் வைத்திருந்தேன். போன மாதம் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, ஒன்பதே நாளில் 11 கோழிகள் செத்துவிட்டன. மூன்றுதான் மிச்சம். அதில் இரண்டு நன்றாக மேய்கின்றன. மூன்றாவது, என் மகள் குஞ்சிலிருந்து கையில் வைத்து வளர்த்த செவலைப் பெட்டை. சிட்டு என்று பேர் வைத்திருக்கிறாள். அதற்குக் கழிச்சல் நின்றுவிட்டது. ஆனால், கழுத்து முதுகுப் பக்கமாகத் திருகிக்கொண்டது. கொத்தினால் தீனியில் படுவதில்லை. பின்பக்கமாகவே நடந்துபோய் விழுகிறது. எலும்பும் தோலுமாக இருக்கிறது. 'சாகுறதுக்குள்ள அறுத்துக் குழம்பு வை' என்கிறார் மாமியார். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், கோழியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுகிறாள். நான் நூறு நாள் வேலைக்குப் போனால்தான் குழுக் கடனைக் கட்ட முடியும். இது பிழைக்குமா? அறுத்துச் சாப்பிடலாமா? மற்ற இரண்டுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?''

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிவகங்கை மாவட்டம்.

பதில்:

கடிதம் கைக்கு வந்த அன்றே இந்த அம்மாவிடம் போனில் பேசிவிட்டேன். இதழ் அச்சாகி வரும்வரை கோழி காத்திருக்காது. இதேபோல நான்கைந்து கடிதங்கள் வந்திருப்பதால் எல்லோருக்கும் சேர்த்து விரிவாக எழுதுகிறேன். நான் வேளாண்மை படித்தவன், கால்நடை மருத்துவன் அல்ல. அதனால் மருந்து, நோய் பற்றிய விஷயங்களை எங்கள் வட்டாரக் கால்நடை உதவி மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. கழுத்து நேராகுமா என்பது வேறு கேள்வி. சில கோழிகளுக்கு மூன்று, நான்கு வாரங்களில் நேராகிவிடும். சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். சில, ஆயுசு முழுக்க ஒரு பக்கம் சாய்ந்த தலையோடுதான் திரியும். ஆனால், இந்த நிலையில் இருக்கும் கோழிகளில் பல, நோயால் சாவதில்லை. தண்ணீரும் தீனியும் வாய்க்கு எட்டாமல் பட்டினியால்தான் சாகின்றன. அந்தப் பட்டினியைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது.

வந்தது என்ன நோய்?

கடிதத்தில் சொல்லியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது வெள்ளைக்கழிச்சல். அரசு முகாம்களில் கோழிக்கழிச்சல் என்பார்கள், புத்தகத்தில் ராணிக்கெட் என்றிருக்கும். இன்றைய உத்தரகாண்டில், குமாவுன் மலையில் இருக்கும் ராணிக்கேத் என்ற ஊரின் பெயர்தான் அது. உலகத்தில் மற்றவர்கள் இதை நியூகாசில் நோய் என்கிறார்கள். 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். ஏறக்குறைய அதே காலத்தில் நம் நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். ஆக, நூறு வருஷமாக நம் கோழிக்கூடுகளைக் காலி செய்துகொண்டிருக்கும் நோய் இது.

இது வைரஸ் நச்சுயிரியால் வருவது. குடலைத் தாக்கினால் கழிச்சல், மூச்சுக்குழலைத் தாக்கினால் இளைப்பு, மூளையையும் நரம்பையும் தாக்கினால் கழுத்துத் திருகல், இறக்கை தொங்கல், கால் வாதம். முதல் அலையில் பிழைத்த கோழிக்குக் கடைசியாகச் சொன்னது தங்கிவிடுவது உண்டு. கிருமி போன பிறகும் அது நரம்பில் செய்த சேதம் மிச்சமிருக்கும். அதனால்தான் 'கழிச்சல் நின்றுவிட்டது, ஆனால் கழுத்து திருகிக்கொண்டது' என்கிறார் வாசகி. அவர் கவனித்தது மிகச் சரி.

கழுத்து திருகினாலே வெள்ளைக்கழிச்சல்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தயாமின் என்ற பி1 வைட்டமின் குறைந்தாலும் கோழி வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரும். அது வைட்டமின் கொடுத்ததும் சில நாட்களிலேயே சரியாகிவிடும். அதனால், எந்தக் காரணமாக இருந்தாலும் கோழிகளுக்கான பி-காம்ப்ளெக்ஸ் திரவத்தை, புட்டியில் எழுதியிருக்கும் அளவில், ஒரு வாரம் தண்ணீரில் கொடுத்துப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. விலையும் அதிகம் இல்லை.

கொடுக்கக் கூடாதது, மருந்துக்கடையில் 'கோழிக்கு ஒரு ஆன்டிபயாடிக் கொடுங்க' என்று கேட்டு வாங்கும் மாத்திரை. வைரஸுக்கு அது வேலை செய்யாது. கழிச்சலோடு வேறு கிருமியும் சேர்ந்திருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்னால் கொடுக்கலாம். நாமாகக் கொடுத்தால் காசுக்குக் கேடு, முட்டையிலும் கறியிலும் மருந்து தங்கும். வாயில் மண்ணெண்ணெய் விடுவது, சாராயம் விடுவது, புகையிலைத் தண்ணீர் விடுவது இதெல்லாம் இன்னும் சில ஊர்களில் நடக்கிறது. நோய் விட்டுவைத்த கோழியையும் அது கொன்றுவிடும்.

சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், கீழாநெல்லி இவற்றை அரைத்து உருண்டையாகக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே மூலிகை மருத்துவத்தில் இதைச் சொல்கிறது. நோய் தொடங்கும்போது, கோழி தானாக விழுங்கும் நிலையில் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். கழுத்து திருகிய கோழியின் தொண்டையில் உருண்டையைத் திணிக்காதீர்கள். அடைத்துக்கொள்ளும்.

முதலில் தண்ணீர்

நோயில் கிடக்கும் கோழியைப் பார்த்ததும் நம் வீடுகளில் முதலில் செய்வது, அரிசியைக் கொண்டுவந்து முன்னால் இறைப்பது. அது திரும்பிக்கூடப் பார்க்காது. கழிந்து கழிந்து உடம்பில் நீர் வற்றிய உயிருக்கு முதலில் தேவை தண்ணீர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ் பாக்கெட் போதும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரிலேயே கரையுங்கள். 'கொஞ்சம் கெட்டியாக இருந்தால் தெம்பு' என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். கோழிக்கு உப்பு கூடினால் ஆகவே ஆகாது. இரண்டு நாள் இதைக் கொடுத்துவிட்டு, பிறகு வெறும் தண்ணீருக்கு மாறிவிடலாம். கரைத்ததை மறுநாள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் பாதிக் கோழிகள் போய்விடுகின்றன. கோழியின் நாக்குக்கு அடியோரத்திலேயே மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது. மாட்டுக்கு மூங்கில் குழாயில் மருந்து புகட்டுவதுபோல வாயைத் திறந்து ஊற்றினால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். அன்று இரவே கோழி செத்துப்போகும், நாமோ நோயில் செத்தது என்று நினைத்துக்கொள்வோம்.

கோழியைத் துண்டில் சுற்றி மடியில் வையுங்கள், இறக்கை அடிக்காமல் இருக்கும். ஒரு கையால் தலையைத் தாங்கிப் பிடியுங்கள். திருகிய கழுத்தை மெதுவாக, அது இடம் கொடுக்கும் அளவுக்கு மட்டும் திருப்புங்கள். வலுக்கட்டாயமாக நேராக்க வேண்டாம். அலகு முனையைக் கிண்ணத்துத் தண்ணீரில் தொட வையுங்கள். பல கோழிகள் தாமாகவே உறிஞ்சித் தலையைத் தூக்கும். அது முடியாவிட்டால், ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்து அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். விழுங்குவது தொண்டையில் தெரியும். விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. கொரகொரவென்று சத்தம் வந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வராமல் இருப்பதே நல்லது. பெரியவர்களைவிடப் பிள்ளைகள் இதை நன்றாகச் செய்கிறார்கள் என்பது நான் பல வீடுகளில் பார்த்தது.

படுக்கை

நல்ல கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். நம் கைக்கு எப்போதும் கொதிப்பதுபோலத்தான் தெரியும். 'காய்ச்சல் அடிக்கிறது' என்று குளிர்ந்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். மெலிந்த கோழிக்கு அந்தச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளவே தெம்பு இருக்காது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தால் குளிர்கிறது என்று அர்த்தம்.

ஓர் அட்டைப்பெட்டி போதும். அடியில் உமி, அதன்மேல் சாக்கு. செய்தித்தாள் மட்டும் வேண்டாம், கால் வழுக்கும். இரவில் ஒரு மூலையில் குண்டு பல்பு தொங்கவிடுங்கள். இப்போது எல்லா வீட்டிலும் இருக்கும் எல்.இ.டி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. குண்டு பல்பு கிடைக்காவிட்டால் வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். ஆனால், நம் ஊர் வெயில் காலத்தில் பகலில் இதெல்லாம் தேவையே இல்லை. ஓட்டு வீட்டுக்குள் பகலில் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்று பொருள், உடனே நிழலான இடத்துக்கு மாற்றுங்கள்.

விழுந்து விழுந்து எழும் கோழிக்குச் சும்மாடு நல்ல உபகரணம். தலையில் குடம் வைக்கச் சுற்றுவோமே, அதே சும்மாடுதான். பழைய புடவையில் கொஞ்சம் பெரிதாகச் சுற்றி, அதன் நடுவில் கோழியை உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாயாது. ஒரே பக்கமாகக் கிடந்தால் நெஞ்செலும்பின் மேல் தோல் புண்ணாகிவிடும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றி உட்கார வைக்க வேண்டும்.

பின்பக்கத்தைத் தினமும் பாருங்கள். எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்து எடுத்து, நன்றாக ஈரம் போகத் துடையுங்கள். ஒட்டும் இறகுகளைக் கத்தரித்துவிடலாம். ஈ மொய்த்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். நோயில் தேறிவந்த கோழியைப் புழுவுக்குப் பறிகொடுத்தவர்கள் பலர்.

சத்தம், ஆட்கள் நடமாட்டம், நாய், டி.வி. இவை இல்லாத மூலையாகப் பாருங்கள். நரம்பு பாதித்த கோழி பயந்தால் கழுத்து இன்னும் முறுக்கிக்கொள்ளும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவதை நிறுத்துங்கள்.

தீனி

தண்ணீர் உள்ளே போய், கோழி கண் திறந்து பார்க்க ஆரம்பித்த பிறகுதான் தீனி. கேழ்வரகுக் கூழ் அல்லது கம்மங்கூழ், சிரிஞ்சில் ஏறும் அளவுக்கு நீர்க்க. உப்பு, மோர் சேர்க்க வேண்டாம். அவித்த முட்டையின் மஞ்சள் கருவை மசித்து அதில் கலக்கலாம். கடையில் விற்கும் குஞ்சுத் தீவனத்தை ஊறவைத்துக் கரைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது, அதில் தாது உப்பும் வைட்டமினும் சேர்ந்தே இருக்கும். ஒரு வேளைக்கு 10 மில்லியில் ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் 20 மில்லிக்கு வரலாம். ஒரு நாளைக்கு ஐந்து முறை.

ஒவ்வொரு முறையும் கொடுக்கும்முன், கழுத்துக்குக் கீழே நெஞ்சுக்கு மேல் இருக்கும் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். இரவு கொடுத்தது காலையில் கரைந்து பை வற்றியிருக்க வேண்டும். அப்படியே மாவுபோலத் திரண்டு நின்றால் மேலே கொடுக்காதீர்கள். தண்ணீர் மட்டும் கொடுத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். தலைகீழாகப் பிடித்து வெளியேற்றும் வைத்தியம் வேண்டாம், அதுவும் மூச்சுக்குழலில் போய்விடும்.

எச்சத்தின் நிறமும் பேசும். கரும்பச்சையாக, தண்ணீராக, கொஞ்சமாகப் போனால் வயிற்றில் தீனி இல்லை, பித்தநீர் மட்டும் போகிறது என்று பொருள். பழுப்பு நிறத்தில் திரண்டு, மேலே வெள்ளைப் பூச்சோடு விழுந்தால் தீனி வேலை செய்கிறது.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது தராசு. காலையில் தீனிக்கு முன்னால், துணிப்பையில் போட்டு எடை பாருங்கள், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கண்ணுக்குக் கோழி நேற்றுபோலவே தெரியும், இறகு மறைத்துவிடும். தராசு மறைக்காது. இந்த வாசகியின் மகள் எழுதியதைப் போனில் வாசித்துக் காட்டினாள். முதல் நாள் 780 கிராம், பிறகு 765, 750, நான்காம் நாள் மறுபடி 750, ஆறாம் நாள் 790. இறங்கிக்கொண்டிருந்த எடை நின்றதே நல்ல சேதி.

கோழி தானாகக் கொத்த முயன்றால், தரையில் இறைக்காதீர்கள். அகலமான கிண்ணத்தில் குவியலாக வைத்து, அதன் நெஞ்சு உயரத்துக்கு ஒரு செங்கல்மேல், சுவர் ஓரமாக வையுங்கள். குறி தப்பினாலும் ஏதோ ஒரு மணி வாயில் படும். நாளாக நாளாக அதுவே ஒரு கணக்குப் பிடித்துக்கொள்ளும்.

வேலைக்குப் போகிற வீட்டில் ஐந்து வேளை எப்படி முடியும் என்று அந்த அம்மா கேட்டார். காலை ஆறு மணிக்கு எடையும் முதல் வேளையும். பள்ளிக்கூடம் கிளம்பும் முன் இரண்டாவது. சாயங்காலம் வந்ததும் ஒன்று, இரவு விளக்கை ஏற்றும்முன் ஒன்று. மத்தியானம் ஒரு வேளை மட்டும் வீட்டில் இருப்பவர் கொடுக்க வேண்டும். வீட்டில் இருப்பவர் மாமியார். ''அவங்க செய்வாங்களா?'' என்று கேட்டேன். பின்னாலிருந்து, ''நான் எத்தன பிள்ளைக்குப் பாலாடையில ஊத்தியிருக்கேன், கோழிக்கு ஊத்தத் தெரியாதா'' என்று குரல் வந்தது. ஊற்றக் கூடாது, சொட்டுச் சொட்டாக விட வேண்டும் என்று அவரிடம் தனியாகச் சொன்னேன். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அறுக்கலாமா?

இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. 11 கோழிகளை இழந்த குடும்பம் மிச்சத்தைக் கணக்குப் பார்க்கத்தான் செய்யும். நன்றாக வெந்த கறியில் இந்தக் கிருமி பிழைக்காது, மனிதருக்குச் சாப்பாட்டின் வழியே வரும் நோயும் இது அல்ல. ஆனாலும் வேண்டாம் என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்வேன். நோய்க்கோழியை அறுக்கும்போது சிந்தும் ரத்தம், குடல், இறகு, கழுவிய தண்ணீர் எல்லாம் தெருவுக்கே நோயைக் கொண்டுபோகும். காகமும் நாயும் மிச்சத்தை வேறு தெருவுக்குத் தூக்கிப்போகும். நாம் வெள்ளைக்கழிச்சல் என்று நினைப்பது வேறு நோயாகவும் இருக்கலாம். மருந்து ஏதும் கொடுத்திருந்தால் அதுவும் கறியில் இருக்கும். இதையெல்லாம் தாண்டி, 750 கிராம் கோழியில் எலும்பு போக என்ன மிஞ்சும்?

இதைவிட மோசமானது, நோய் கண்டதும் மிச்சக் கோழிகளை அவசர அவசரமாகச் சந்தையில் தள்ளிவிடுவது. ஒரு வாரத்தில் நான்கு ஊர்க் கூடுகள் காலியாவது பெரும்பாலும் இப்படித்தான். வாங்குகிறவர் வீட்டிலும் ஓர் அம்மா முட்டைக் காசை நம்பித்தான் இருப்பார்.

செத்த கோழிகளை ஆற்றிலோ குப்பையிலோ வீசாமல், மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கூடு, பஞ்சாரம், தண்ணீர்ச் சட்டி எல்லாவற்றையும் கழுவி நல்ல வெயிலில் பல நாள் காய வையுங்கள். வெயில் இந்தக் கிருமிக்குப் பெரிய எதிரி. பஞ்சாரத்தின் இடுக்கில் காய்ந்த எச்சம் இருந்தால் வெயில் உள்ளே போகாது, அதைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

மற்ற இரண்டுக்கும் ஒட்டுமா?

அவை அந்தப் பதினோரு கோழிகளோடு ஒரே கூட்டில் இருந்தவை. கடைசிக் கோழி செத்து இரண்டு வாரம் கடந்தும் நன்றாக மேய்கின்றன என்றால் தப்பிவிட்டன என்றே கொள்ளலாம். கவலைப்பட வேண்டியது, இனி வாங்கப்போகும் குஞ்சுகளைப் பற்றி. பிழைத்த கோழி சில காலம் எச்சத்தில் கிருமியை வெளியேற்றலாம். ஒரு மாதமாவது புதுக்கோழி எதையும் உள்ளே கொண்டுவராதீர்கள். வருவது தடுப்பூசி போட்டதாக இருக்கட்டும். சிட்டுவைத் தனியாகவே வைத்திருங்கள். நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு, கடைசியாக நோய்க்கோழியிடம் போங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

மகளுக்கு ஒரு கண்டிப்பு. கோழியை முகத்தோடு சேர்த்துக் கொஞ்சக் கூடாது, தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது. இந்தக் கிருமி கண்ணில் பட்டால் மனிதருக்கும் கண் சிவந்து நீர் வடியும். சில நாளில் சரியாகிவிடும் என்றாலும் எதற்கு வம்பு? ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். ஊரில் கோழிகள் திடீரென்று கூட்டம் கூட்டமாகச் செத்தால், கூடவே வாத்து, காகமும் செத்தால், எதையும் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அது பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

எப்போது விட்டுவிடுவது?

இதை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். சொட்டுத் தண்ணீரைக்கூட விழுங்க முடியவில்லை, குளிர்ந்த இடத்திலும் வாயைப் பிளந்து இழுக்கிறது, கொண்டை கருநீலமாகிவிட்டது, எடை ஒவ்வொரு நாளும் இறங்கிக்கொண்டே போகிறது. இவை ஒன்றுசேர்ந்து வந்தால், நாம் செய்வது சிகிச்சை இல்லை, அதன் வேதனையை நீட்டுவது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் வலியில்லாமல் முடித்துவைக்க வழி சொல்வார். பிள்ளைகளிடம் 'பறந்து போய்விட்டது' என்று கதை சொல்லாதீர்கள். ஐந்து வேளை மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்த பிள்ளைக்கு நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. புதைக்கும்போது கூட நிற்கட்டும்.

சிட்டு அந்த நிலையில் இல்லை. போன வாரம் பேசியபோது எடை 860 கிராம். தலை இன்னும் இடப்பக்கம் சாய்ந்துதான் இருக்கிறதாம், பயந்தால் வட்டமடிக்கிறதாம். கூழ்க் கிண்ணத்தில் தானாகவே வாயை வைக்கிறது. முட்டைக்கு இப்போதைக்கு ஆசைப்படாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். மறுபடி இட ஆரம்பித்தாலும் கொஞ்ச நாள் தோல்முட்டையாகவோ கோணலாகவோ வரலாம்.

கேள்வி:

''என்னிடம் இருப்பது ஆறே கோழிகள். ஆறு கோழிக்கு ஊசி போட யார் வருவார்கள்? மருந்தை வாங்கி நானே போடலாமா?''

- வாசகர், கமுதி.

பதில்:

ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. உங்கள் ஊருக்கு என்றைக்கு என்று மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அன்று விடிவதற்குள் கூட்டைத் திறந்துவிட்டால் கோழியைப் பிடிக்கவே மதியமாகிவிடும். முதல் நாள் இரவே அடைத்து வையுங்கள். பஞ்சாரத்தோடு தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

நீங்களே போடுவதானால், குஞ்சு பிறந்த ஏழாம் நாள் லசோட்டா, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காவது வாரம் மறுபடி ஒரு சொட்டு. எட்டாவது வாரம் இறக்கையின் அடியில், தோலுக்குக் கீழே அரை மில்லி ஊசி. இந்த ஊசியை மட்டும் பழகியவரை வைத்துப் போடுங்கள். ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுங்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. நோய் வந்துவிட்ட கோழிக்குப் போடக் கூடாது, அது நிலைமையை இன்னும் கெடுக்கும்.

ஒரு குப்பி மருந்து பெரும்பாலும் நூறு கோழிக்காவது வரும். கலந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆறு கோழிக்கு ஒரு குப்பியைத் திறப்பது வீண். தெருவில் பதினைந்து வீடு சேருங்கள், செலவைப் பிரித்துக்கொள்ளுங்கள். கடையிலிருந்து வரும் வழியில்தான் மருந்து கெட்டுப்போகிறது. டீ வாங்கும் ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, அதற்குள் குப்பியை வைத்து, வெயில் ஏறும் முன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.